பதுளை இறக்கத்தில் காமன் பொட்டல்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, பதுளை 700 மீற்றருக்குக் கீழே. அதனால் சைக்கிளில் போகிறவருக்கு மிதிப்பதைவிட பிரேக் பிடிப்பதுதான் பெரிய வேலை. பஸ்ஸில் போனால் வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலேயே பாதை முடிந்துவிடும். சைக்கிளில்தான் றோட்டோரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில், மூடுபனி கலைவதற்குள், புகையிரத நிலையத்துக்கு அருகே கூடினோம்.

பதுளையில் படிக்கும் மாணவர்கள், கொழும்பிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், இன்னும் சிலர். ஆசிரியரை எல்லோரும் ‘சேர்’ என்றே கூப்பிட்டோம். கூட்டிச் சென்றவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர். கிழமை நாட்களில் ஹோட்டல் வேலை, விடுமுறை நாட்களில் இந்தக் கலைப் பயணம். “இறக்கத்துல முன் பிரேக்க மட்டும் புடிக்காதீங்க, ரெண்டையும் விட்டு விட்டுப் புடிங்க” என்று மூன்று முறை சொன்னார். பிறகுதான் புறப்பட விட்டார்.

நகரத்தைத் தாண்டியதும் பிந்துனுவெவ. எல்லோரையும் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னார். 2000 ஒக்டோபர் 25 அன்று இங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து, தடுத்து வைக்கப்பட்டிருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்களும் 2005 ஆம் ஆண்டுக்குள் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். இதை அவர் இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னார். கலைப் பயணம் என்று வந்த இடத்தில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் கடந்திருந்தால் அவரோடு மேலே போக எனக்கு மனம் வந்திருக்காது.

அடுத்த நிறுத்தம் தோவ ரஜமகா விகாரை. றோட்டிலிருந்து படியிறங்கினால், செங்குத்துப் பாறையில் ஏறத்தாழ 38 அடி உயரத்துக்கு நிற்கிறது புத்தர் உருவம். மைத்திரேய போதிசத்துவர் என்று சொல்வோரும் உண்டு. இடுப்புக்கு மேலே முகமும் தோளும் திரண்டு வந்திருக்க, கீழே போகப் போக உருவம் பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வேலை முடியவில்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் தென்னிந்தியப் படையெடுப்புக்குத் தப்பி மறைந்து வாழ்ந்த வலகம்பா மன்னன் செதுக்க வைத்தது என்பது ஐதிகம். குகைக்குள் கண்டி மரபு ஓவியங்கள். சிவப்புப் பின்னணியில் மனிதர்கள் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி வரிசையாகப் போகிறார்கள், இடைவெளி எங்கும் பூக்கள். சேர் ஒரு சுவர் முன்னால் நெடுநேரம் நின்றார். ஒரே ஆள் ஒரே சுவரில் மூன்று இடத்தில் வருகிறான், கதை நகர்வதை அப்படித்தான் காட்டுகிறார்கள் என்று மாணவர்களுக்கு விரலால் தொடாமல் காட்டிக் கொடுத்தார். வகுப்பு நடத்தியவர் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் நன்றாகத் தெரிந்தது.

கும்பல்வெல சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் எல்ல. 1921 இல் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் சேர்த்து எழுப்பிய அழகான பாலம்தான். ஆனால் அதைப் படமெடுக்க உலகமே வருகிறது. நாங்கள் திரும்பாமல் நேரே போனோம்.

தெமோதரைக்கு இந்தப் பக்கம், கொழுந்து மடுவத்தைத் தாண்டி, ஒரு தோட்டத்து றோட்டில் இறங்கினோம். கற்கள் பெயர்ந்த பாதை, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. லயங்களுக்குக் கீழே மாரியம்மன் கோயில், கோயிலுக்கு முன்னால் ஒரு சிறு சமதரை. நடுவில் கம்பம் ஊன்றி, வைக்கோல் சுற்றி, மாவிலை கட்டியிருந்தது. அதுதான் காமன் பொட்டல். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றியிருக்கிறார்கள், பௌர்ணமியோடு தகனம்.

தப்படிக்கும் பெரியவர் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்கள் வழிகாட்டி அவரை “மாமா” என்று கூப்பிட்டார். சருகையும் வைக்கோலையும் கூட்டிப் பற்ற வைத்து, தப்பைச் சாய்த்துப் பிடித்து, தோலை நெருப்புக்கு நேரே காட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் நடுவில் விரலால் சுண்டிக் காதைக் கொடுத்தார். “இன்னும் ஈரம் இருக்குங்க. இப்ப அடிச்சா டொப்புன்னுதான் கேக்கும்.” மறுபடியும் நெருப்பு. மூன்றாவது முறை சுண்டியபோது சத்தம் மாறியதை எங்களாலும் கேட்க முடிந்தது. ஒரு கையில் தடித்த கட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. அடிக்கத் தொடங்கியதும் லயத்து இஸ்தோப்புகளில் பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள்.

காமன் கூத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்திலிருக்கும் சிவன்மேல் அம்பு விடப் போகிறான் மன்மதன். போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் போய் எரிகிறான், அவள் அழுகிறாள், கடைசியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி எழுகிறான். இங்கே இதற்கு மேடை கிடையாது. ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போகிறார்கள், வாசலில் வாசலில் ஆடுகிறார்கள், வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறார். கல்யாணத்துக்குத் தோட்டமே கூடுகிறது. வீரபத்திரன் வரும் இரவில் பிள்ளைகளைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆடுகிறவர்கள் அத்தனை நாளும் விரதம். ஒரு தோட்டம் முழுவதும் பதினைந்து நாளுக்குக் கூத்துக்குள் வாழ்கிறது.

“இது எப்பேலயிருந்து இஞ்ச ஆடுறது?” என்று சேர் கேட்டார்.

“எங்க பூட்டன் கொண்டாந்ததுன்னு அப்பா சொல்லுவாருங்க. பொஸ்தகம் இருந்துச்சு. லயத்துல நெருப்புப் புடிச்சப்ப போயிருச்சு. இப்ப எல்லாம் வாயிலதான்.”

சேர் கைப்பேசியை எடுத்து, பாட்டைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். இன்றைக்குச் சும்மா பாட முடியாது, ஆட்டத்தன்று வாங்க என்று பெரியவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. வந்தவர்களுக்காக அரை மணி நேரம் ஆடிக் காட்டுகிற காட்சியாக அவர் அதை ஆக்க விடவில்லை.

அவருடைய கவலை வேறு. இந்த வருடம் ரதி வேடம் கட்டும் பையன் கொழும்பில் கடை வேலையில் இருக்கிறான். பௌர்ணமிக்கு அரச விடுமுறை, அன்றைக்கு வந்துவிடலாம். அதற்கு முந்தைய நாட்களுக்கு முதலாளி லீவு கொடுக்க வேண்டுமே. மன்மதனுக்கும் அதே கதைதான். பத்து வருடத்துக்கு முன்னால் ஆள் தேடத் தேவையில்லை, பெரட்டுக்களத்தில் ஒரு சத்தம் போட்டால் போதும் என்றார். தோட்டத்துச் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதாதபோது பிள்ளைகள் வெளியே போகத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லி இந்தக் கூத்தைக் காப்பாற்ற முடியாது.

அங்கிருந்து தெமோதரைப் புகையிரத நிலையம். பாதை கீழே இறங்க இடம் போதாததால், நிலையத்தைத் தாண்டிய தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து வந்து, நிலையத்துக்கு நேர் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. மேலே நின்ற கோச்சி சற்று நேரத்தில் காலடியில் போகும். இந்த வளைவுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திராவுக்கு இந்த யோசனை வந்ததாம். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையில் பொறியியலாளருக்குப் பெயர் இருக்கிறது, கங்காணிக்கு இல்லை.

இந்தத் தண்டவாளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பண்டாரவளைக்கு 1894 இலும் பதுளைக்கு 1924 இலும் கோச்சி வந்தது தேயிலையை ஏற்றிப்போக. 1948 இல் தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்ட பிறகு, அதே கோச்சி ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போனது. ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மலையகத்தில் அதற்குப் பெயர். பெரியவர் வீட்டில் வீரபத்திரன் ஆடிய சித்தப்பா அப்படிப் போனவர். குழுவில் பாதி போய்விட்டது, மிச்சப் பேரை வைத்து அப்பா கூத்தைத் தொடர்ந்தார் என்று பொட்டலில் சொல்லியிருந்தார். புகையிரத மேடையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தபோது ரதி ஏன் இவ்வளவு நேரம் அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஹாலிஎலவில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டியும். பக்கத்து றோட்டில் போனால் போகொட, கூரை வேய்ந்த பழைய மரப்பாலம். வெயில் ஏறிவிட்டதால் அதை விட்டுவிட்டோம்.

பதுளையில் கடைசியாகப் பார்த்தது புனித மாற்கு தேவாலயம். அப்புத்தளையில் 1845 இல் இடி விழுந்து இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்றவர், ஊவாவில் றோட்டுப் போட்டவர் என்றும் சொல்வார்கள். அவருக்கு ஒரு தேவாலயமே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து நடந்து வந்து இந்த மலையை வெட்டியவர்களுக்கு 2023 இல்தான், அவர்கள் வந்த இருநூறு ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மற்றவர்கள் நடந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

தேவாலய வாசலில் எங்கள் வழிகாட்டியிடம் ஒரு மாற்றம் கேட்டோம். தோட்டத்தை நடுவழி நிறுத்தமாக வைக்க வேண்டாம், பயணத்தை அங்கேயே முடிக்கலாம். அவரும் அதைத்தான் யோசித்திருக்கிறார். பௌர்ணமியன்று பிற்பகல் பண்டாரவளையில் புறப்படுவது, தோவ பார்ப்பது, இருட்டுவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிடுவது, காலைக் கோச்சியில் திரும்புவது. தகனம் விடியும்வரை போகும் என்பதால் கம்பளிச் சட்டை கொண்டுவரச் சொன்னார். சேர் அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் போட்டு, தன் பழைய மாணவர்கள் நாலு பேருக்கு இடம் சொல்லி வைத்தார். கொழும்புக் கணவர் ரதி வேடம் கட்டும் பையன் வேலை செய்யும் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்தார், முதலாளியோடு பேசிப் பார்க்கிறேன் என்றார்.