அப்பாவின் கையும் ஆட்டி விளையாடும் போனும்



"செல்போனில் கேம் விளையாடினால் கண் கெட்டுப் போகும், படிப்பும் கெட்டுப் போகும்" என்று பேச்சுப் போட்டியில் எல்லாரும் பேசுவோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேம் விளையாடுவதற்கென்றே செய்த ஒரு பழைய போன் எங்க வீட்டுக்கு வந்து எங்க அப்பாவுக்கு உதவி செய்தது. அதைத்தான் இங்கே எழுதப் போறேன். அது எப்படி வேலை செய்யுது என்பதையும் எனக்குப் புரிந்த மாதிரி சொல்றேன்.

எங்க அப்பா கொத்தனார். போன வருஷம் ஆடி மாசம் சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்க்கும்போது கீழே விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, மரக்கட்டை மாதிரி விறைப்பா இருந்தது. "மணிக்கட்டை மேலே கீழே மடக்குங்க. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பி, அப்புறம் தரை பார்க்கத் திருப்புங்க. தினமும் மூணு வேளை செய்யணும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினாங்க.

அப்பா ரெண்டு நாள் செஞ்சாங்க. மூணாம் நாள் வலிக்குதுன்னு விட்டுட்டாங்க. அம்மா சத்தம் போட்டா, "சும்மா உட்கார்ந்து கையை ஆட்டிக்கிட்டு இருந்தா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்று சொல்லிட்டு வாசல் திண்ணைக்குப் போயிருவாங்க. மணிக்கட்டு திரும்பலைன்னா கரண்டியில் சாந்து அள்ளிச் சுவரில் அடிக்க முடியாது. அம்மா பூக்கட்டி வர்ற காசில்தான் வீடு ஓடுச்சு. அக்காவைக் காலேஜில் சேர்க்கிறதா வேண்டாமான்னு ராத்திரியில் மெதுவாப் பேசிக்கிட்டாங்க. நானும் அக்காவும் தூங்குற மாதிரி படுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தோம்.

எங்க தாய்மாமா திண்டுக்கல் ரோட்டில் சின்னதா செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்காங்க. புரட்டாசியில் ஒருநாள் ஒரு பழைய போனைக் கொண்டு வந்து, "மச்சான், வெட்டியா ஆட்டினாத்தான பைத்தியம்பாங்க? இதை வச்சுக்கிட்டு ஆட்டுங்க" என்று அப்பா கையில் கொடுத்தாங்க. அது சோனி எரிக்சன் எஃப்305. 2008-ல் வந்த மாடல். ஜப்பானின் சோனியும் ஸ்வீடனின் எரிக்சனும் 2001-ல் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி அது. 2012-ல் சோனியே முழுசா வாங்கிக்கிட்டதால் இப்போ அந்தப் பெயரில் போன் வருவதில்லை.

போனைப் பற்றிச் சொல்றேன். எடை சுமார் நூறு கிராம். மேல் பாதியைத் தள்ளினால் கீழே நம்பர் பட்டன்கள் தெரியும். திரை 2 அங்குலம்தான், தொட்டால் வேலை செய்யாது. கேமரா 2 மெகாபிக்சல். படுக்கவாட்டில் பிடித்து விளையாடத் திரைக்குப் பக்கத்தில் தனியா கேம் பட்டன்கள் வச்சிருக்காங்க. ஆனா அதன் பெரிய சிறப்பு, பட்டனை அமுக்காமல் போனையே ஆட்டி விளையாடும் கேம்கள். பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிறது ஒண்ணு, தூண்டில் வீசி மீன் பிடிக்கிறது ஒண்ணு, குதிரைப் பந்தயம் ஒண்ணு.

அம்மா உடனே விளையாட விடலை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, பயிற்சி சொல்லித் தர்ற மேடத்திடம் போனைக் காட்டிக் கேட்டாங்க. "வெடுக்குனு வீசக் கூடாது. மெதுவா செஞ்சா சரி. ஆனா நான் சொன்ன பயிற்சியை விடக் கூடாது" என்று அவங்க சொன்ன பிறகுதான் விட்டாங்க. போன் கைநழுவி விழுந்துடக் கூடாதுன்னு அப்பா செங்கல் வரிசை பிடிக்கிற நூலால் அதை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கிட்டாங்க.

முதல் நாள் ஒரு கட்டைகூடச் சாயலை. தம்பி சிரிச்சான். அப்பாவுக்கு ரோஷம் வந்துருச்சு. அன்னைக்கு மட்டும் இருபது தடவை கையை ஆட்டினாங்க. அப்புறம் ஒரு நோட்டில் நான் ஸ்கோர் எழுத ஆரம்பிச்சேன். முதலில் பயிற்சி, பிறகுதான் கேம் என்று அம்மா சட்டம் போட்டாங்க. அப்பா முடிச்ச பிறகுதான் தம்பிக்கு மீன் பிடிக்கிற கேம்.

"இதுக்கு எப்படி மாமா நாம ஆட்டுறது தெரியுது?" என்று நான் கேட்டேன். மாமா, "உள்ளே முடுக்கமானின்னு ஒரு சில்லு இருக்கு பாப்பா" என்றாங்க. அப்பா போனை இப்படியும் அப்படியும் சாய்ச்சுப் பார்த்துட்டு, "அட, இது நம்ம ரசமட்டம் மாப்ள!" என்றாங்க. எனக்கு அப்போதான் விளங்குச்சு. ரசமட்டத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். சாய்த்தால் குமிழி உயர்ந்த பக்கம் ஓடும். பூமி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்.

போனுக்குள் குமிழி கிடையாது. சிலிக்கானில் சீப்புப் பல் மாதிரி செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஒரு பாகம் மெல்லிய வில்லில் தொங்குது. போனைச் சாய்த்தாலோ வீசினாலோ அது துளி நகரும். அப்போ பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறும், மின்தேக்குத்திறனும் மாறும். அந்த மாற்றத்தை அளந்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா ஆட்டினோம்னு போன் கணக்குப் போடும். நம்ம அறிவியல் பாடத்தில் வர்ற முடுக்கம், ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² எல்லாம் இதுதான்.

நீங்களும் செய்து பாருங்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு, விளாங்குடியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் உட்காருங்கள். டிரைவர் பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடும். பஸ் வேகமெடுத்தால் பின்னால் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தர் பாட்டிலை மட்டும் தொட்டுப் பார்த்தே பஸ் என்ன செய்யுதுன்னு சொல்லிடலாம்.

இந்த வகைப் போன்கள் அந்தக் காலத்தில் பல வந்தன. 2005-ல் சாம்சங், காற்றில் எண்ணை எழுதினால் டயல் ஆகும் ஒரு போனைக் கொரியாவில் காட்டியது. 2006-ல் நோக்கியா 5500 வந்தது. அதே வருஷம் ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி, கையில் பிடித்து வீசி டிவியில் விளையாடும் 'வீ' என்ற கருவியை விற்றது. நம்ம நாட்டு மைக்ரோமேக்ஸ் கம்பெனியும் 2010-ல் ஜி4 என்று ஒரு போன் கொண்டு வந்தது. போனைக் கையில் பிடித்து ஆட்டினால் கேம் கம்ப்யூட்டர் திரையில் நடக்கும்.

அது ஏன் நல்ல யோசனை தெரியுமா? எங்க போனில் ஒரு குறை இருக்கு. கையை ஆட்டும்போது திரையும் சேர்ந்து ஆடுது. கட்டை சாய்ஞ்சுதா இல்லையான்னு கை நின்ற பிறகுதான் பார்க்க முடியும். அதனாலதான் அப்பா வீசினதும், "எத்தனை பாப்பா?" என்று என்கிட்ட போனை நீட்டுவாங்க. திரை தனி, கைப்பிடி தனி என்றால் இந்தத் தொல்லை இல்லை. இன்றைக்கு நம்ம வீட்டு டச் போன்களிலும் இதே சில்லு இருக்கு. போனைச் சாய்த்தால் படம் திரும்புவது அதனால்தான்.

கேம் விளையாடியதால் எலும்பு கூடிருச்சுன்னு நான் சொல்லலை. எலும்பு மாவுக்கட்டில் கூடியது. கை திரும்பியது பயிற்சியால். அந்தப் பயிற்சியை அலுக்காமல் செய்ய வச்சதுதான் போன். தை மாசம் அப்பா அரைநாள் வேலைக்குப் போனாங்க. இப்போ முழுநாள் போறாங்க. மணிக்கட்டு இன்னும் முழுசா மடங்கலை, அண்ணாந்து தளத்துக்குப் பூசும்போது வலிக்குது. அக்காவுக்குக் காலேஜ் விண்ணப்பம் வாங்கியாச்சு.

உங்க வீட்டில் யாருக்காவது கைக்கட்டு பிரிச்சிருந்தா, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எண்ணிக்கை எழுதுங்க. போன் இல்லாட்டியும் பரவாயில்லை, யாராவது எண்ணினாலே அவங்க ரெண்டு தடவை கூடுதலாச் செய்வாங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி