சூட்டுக்குத்தான் பயம்

வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து பள்ளிக்கரணைக்குள் திரும்பும் தெரு ஒன்றில், தகரக் கொட்டகைக்குள் அந்த மிலிட்டரி லாரி நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த செவ்ரோலே. 15 ஹண்ட்ரட்வெயிட், முக்கால் டன் சுமக்கும். மூக்கில்லாத தட்டை முகம். முன்கண்ணாடி மேல்புறம் முன்னே துருத்தி, கீழ்ப்புறம் உள்வாங்கியிருக்கும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே அச்சில் இவ்வகை வண்டிகளைச் செய்து குவித்தன. எண்ணிக்கை 4 லட்சத்தைத் தொட்டது. போர் முடிந்ததும் இந்தியாவில் மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் வண்டி’ என்ற பெயரோடு மணலும் நெல்லும் ஏற்றின.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. புதுப்பேட்டையில் ஸ்பானர் பிடிக்கக் கற்றவர். கூட ஒரு பையன். நான் வந்ததும் கேட்டது, குளிர்ந்த இன்ஜினை எப்படி எழுப்புவது என்றுதான். அவர் தலையாட்டினார்.

“குளிருக்கு இன்னா சார் பயம்? நம்மூர்ல சூட்டுக்குத்தான் பயம்.”

காலையில் அவர் ஸ்டார்ட் செய்த விதம் நிதானமானது. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். காலிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு செல்ஃபை மிதித்தால் பேட்டரிதான் சாகும். அதனால் சின்ன பாட்டிலில் பெட்ரோல் எடுத்துக் கிண்ணத்தை நிரப்பினார். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஃபீலர் கேஜில் அங்குலத்தின் ஆயிரத்தில் 18 பங்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்து வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டுச் சில சுற்று சுற்றினார். கட்டைவிரலைக் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் கோக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்திருந்தார். கீழே அழுத்தவே இல்லை, மேல்நோக்கி மட்டும் இழுத்தார். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு தப்பும்.

அந்தச் சுற்றலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 216 கன அங்குலம், அதாவது சுமார் 3.5 லிட்டர் கொண்ட இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள கரண்டி எண்ணெயை அள்ளித் தெளித்துத்தான் அந்த ராடின் பேரிங்குக்குக் கொடுக்கிறது. நெடுநாள் நின்றதை எழுப்பியவுடன் ரேஸ் பண்ணினால் வெள்ளை உலோகப் பூச்சு உரிந்துபோகும். இன்றைய வண்டிகளில் பழகியவர்கள் ஆயில் கேஜ் முள் இவ்வளவு தாழ்வாக நிற்பதைப் பார்த்துப் பதறுவார்கள். இதற்கு அதுவே ஆரோக்கியம்.

சோக்கை முழுக்க இழுத்து, தரையிலிருந்த செல்ஃப் பெடலை மிதித்தார். பிடித்துக்கொண்டது. சில நொடிகளில் சோக்கைப் பாதியாக்கினார். அவ்வளவுதான்.

உண்மையான வேலை மதியம் ஆரம்பித்தது. மெயின்ரோடு வரை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். இந்த வண்டியில் இன்ஜினே ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது; வெயில் நாளில் கேபினுக்குள் கால் வைக்க முடியாது. நின்ற இன்ஜின் உடனே ஆறாது. ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் மேனிஃபோல்டின் சூடு ஏறி, பக்கத்திலேயே இருக்கும் கார்புரேட்டரைப் பிடிக்கும். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழியலாம், அது ஓவர்ஃப்ளோ. அல்லது பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியையே இழுத்துக்கொண்டிருக்கலாம். முன்னதில் பெட்ரோல் அதிகம், பின்னதில் பெட்ரோலே இல்லை. வெளியே தெரிவது ஒன்றுதான்: செல்ஃப் சுற்றும், இன்ஜின் எடுக்காது. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கெடுக்கும் என்பதுதான் ஆபத்து.

திரும்பி வந்தபோது இன்ஜின் எடுக்கவில்லை. மேஸ்திரி ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயருகே முகர்ந்தார். பெட்ரோல் நெடி முகத்திலடித்தது; ஓவர்ஃப்ளோதான். சோக்கை முழுக்கத் தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி செல்ஃபைக் கொடுத்தார். மிதித்து மிதித்து விடவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். நீளமாகச் சுற்றவிட்டார். கறுப்புப் புகையோடு எழுந்தது. நெடியே இல்லாமலிருந்தால் ஈரத்துணியைப் பம்ப்பின்மேல் சுற்றிக் காத்திருப்பாராம்.

சூட்டில் செல்ஃபும் தளர்கிறது. இது ஆறு வோல்ட் வண்டி. அதே வேலைக்குப் பன்னிரண்டு வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓடவேண்டும். யாரோ முன்பு போட்டிருந்த மெல்லிய பேட்டரி கேபிளைப் பையன் எடுத்துக் காட்டினான். “இத மாத்துனதுலயே பாதி சரியாச்சு அண்ணே,” என்றான் மேஸ்திரியிடம், பெருமையோடு.

சிக்கலில் புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால். 2025-இல் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். 2022-இல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் காற்று இந்தக் கொட்டகையைச் சுற்றி வருஷம் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. பாதி காலியான டேங்கில் அந்த ஈரம் சேர்கிறது. பம்ப்பின் பழைய ரப்பர் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெடுகிறது. அதனால் வேலை முடிந்து வண்டியை நிறுத்தினால் டேங்கை நிரப்பி நிறுத்து, அல்லது வடித்துவிடு என்பது இங்கே சட்டம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மழைக்கு முன்பே கழற்றி மேலே வைத்துவிடுகிறார்கள்.

2021-இல் மத்திய அரசு ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. அசல் உருவம் மாறாதிருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். நல்ல விதி. ஆனால் பேரணியில் வரிசையில் நின்று சூடேறி அணைந்த இன்ஜினை, முகர்ந்து பார்த்து எழுப்பத் தெரிந்தவர் யார் என்று எந்த விதியும் கேட்பதில்லை. கார்புரேட்டர் கிட் மாற்றினால் பில் போடலாம். “ஸ்டார்ட் பண்ணிக் குடுத்ததுக்கா காசு?” என்று கேட்கும் உரிமையாளர்கள் உண்டாம். அந்தக் கூலியைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாகங்களை வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம், இந்த மூக்கை வரவழைக்க முடியாது.

டேங்குக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரிக் பம்ப் வைத்தால் ஆவித் தொல்லை தீருமே என்று கேட்டேன். பின்னாலிருந்து பெட்ரோலைத் தள்ளினால் குழாயில் ஆவி சேர்வது குறையும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஓவர்ஃப்ளோ தீராது, பம்ப் அழுத்தம் கூடினால் அது அதிகமாகக்கூட ஆகும் என்றார். குறைந்த அழுத்தப் பம்ப் கிடைத்தால், வெளியே தெரியாமல் சேஸிஸுக்குள் மறைத்து, தனி சுவிட்சோடு பொருத்துவார்கள். பழைய பம்ப் அதன் இடத்திலேயே இருக்கும். அதற்கான டயஃப்ரத்தைப் பையன் அப்போதே வெட்ட உட்கார்ந்துவிட்டான்.