புல்லட் செல்ஃபும் என் முட்டியும்

மூணு மாசமா எங்க வீட்ல காலங்காத்தால ஒரே சத்தம். "டக்." கொஞ்ச நேரம் அமைதி. திரும்பவும் "டக் டக் டக்." அதுக்கப்புறம் உள்ளேருந்து வீட்டம்மா குரல் வரும்: "அத்த வித்துத் தொலைங்கன்னா கேக்க மாட்றீங்களே!"

அவங்க சொல்றது என்னோட புல்லட்டை. 2006-ல, திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்ட காசுல வாங்கின வண்டி. எலக்ட்ரா, 5 கியர், செல்ஃப் ஸ்டார்ட் வெச்சது. பழைய இரும்பு இஞ்சின். இப்ப வர்ற புல்லட்ல அந்த இஞ்சின் கிடையாது. 1955-ல திருவொற்றியூர்ல புல்லட் கம்பெனி ஆரம்பிச்சாங்க, அந்தக் காலத்து அமைப்புதான் பெரும்பாலும் இதுலயும்: 346 சிசி, ஒத்தை சிலிண்டர். பிஸ்டன் மேலயும் கீழயும் 90 மில்லிமீட்டர் போய் வரணும். அதைக் காலால உதைச்சு ஏத்தறதுக்கு ஒரு பக்குவம் வேணும். டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து, பிஸ்டனை மேல கொண்டாந்து தாண்ட விட்டு, லீவரை விட்டுட்டு, அப்புறம்தான் முழு உதை. அவசரப்பட்டா திருப்பி அடிக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மழை நாள், பால் கேனை வெச்சிக்கினு அவசரப்பட்டேன். அடிச்சது. முட்டி வீங்கி பத்து நாள் படுக்கை. ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்துட்டு, "ஏற்கனவே தேஞ்சி போன முட்டி. இனிமே கிக்கர் பக்கமே காலை வெக்காதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதுலேருந்து எனக்கு செல்ஃப் பட்டன்தான் கதி. அது வேலை செஞ்சா வண்டி, இல்லன்னா வெறும் இரும்பு.

அந்த பட்டன்தான் கார்த்திகை மழைக்கு அப்புறம் தகராறு பண்ண ஆரம்பிச்சது. அழுத்தினா "டக்"னு ஒரு சத்தம், ஹெட்லைட் மங்கும், அவ்ளோதான். சில நாள் "டகடகடக"ன்னு அடிச்சிக்கும். சாயங்காலம் அழுத்தினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். காலையில பால் சொசைட்டிக்குப் போற நேரத்துக்கு மட்டும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து தள்ளி விடுவான். அவனும் எத்தனை நாளைக்கு வருவான்?

லைட் மங்குதுன்னதும் எல்லாரும் சொன்னது பேட்டரி. நானும் நம்பினேன். புது பேட்டரி போட்டேன், 2,400 ரூபாய். மாட்டறப்போ டெர்மினலை எல்லாம் இறுக்கினாங்க, ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. திரும்பவும் "டக்." அடுத்ததா ஒரு ஒர்க் ஷாப்ல வண்டியை நிறுத்தினேன். காது குடுத்துக் கேட்டுட்டு, "மோட்டார் போச்சு, மாத்தணும், 6,000 ஆகும்"னாங்க. ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு வந்துட்டேன். அதே வாரம் ஒருத்தர் வீடு தேடி வந்து, வண்டியைச் சுத்திப் பார்த்து, 70,000 தரேன்னார். சென்னையில வேலை பார்க்கற பையனும் போன்ல, "குடுத்துடு நைனா, ஸ்கூட்டர் வாங்கித் தரேன்"னான். வீட்டம்மா எதுவும் பேசல. பேசாம இருந்ததுதான் எனக்கு பயம். வந்தவர்கிட்ட ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு அனுப்பி வெச்சேன்.

இதுக்கு நடுவுல கெணத்து மோட்டார் வேற. 5 குதிரை மோட்டார். ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சை பட்டனை அழுத்தினா உள்ளே கான்டாக்டர் "டர்ர்ர்"னு அடிச்சிக்குது, பிடிச்சி நிக்க மாட்டேங்குது. காயில் கட்டற தம்பிக்கு போன் பண்ணேன். எனக்கும் பம்ப் செட் சங்கதி கொஞ்சம் தெரியும். காயிலுக்கு வோல்டேஜ் பத்தலன்னா இப்படித்தான் இழுத்து இழுத்து விடும். ஆனா அன்னிக்கு லைன்ல கரண்ட் நல்லாத்தான் இருந்தது. தம்பி மீட்டரை வெச்சு ஒவ்வொரு இடமா பார்த்துக்கினே வந்து பியூஸ் கட்டையில நின்னான். ஒரு கால் கருகிப் போயிருந்தது. வர்ற கரண்ட் அங்கேயே மாட்டிக்கினு கிடந்திருக்கு. சுரண்டி, அழுத்தி, மாட்டினான். மோட்டார் ஓடுச்சு.

அவன் கை கழுவறப்போதான் எனக்கு உறைச்சது. அந்த "டர்ர்ர்"க்கும் என் வண்டியோட "டகடக"வுக்கும் என்ன வித்தியாசம்?

"தம்பி, போறதுக்கு முன்னாடி இந்த வண்டியைக் கொஞ்சம் பாரேன்."

"புல்லட்டெல்லாம் எனக்குத் தெரியாதுணா."

"மீட்டர் தெரியும் இல்ல?"

மீட்டரை 20 வோல்ட் டிசியில வெச்சான். பேட்டரி ரெண்டு முனையிலயும் 12.7. பட்டனை அழுத்தச் சொன்னான். "டகடக." 11.9-க்குக் கீழ இறங்கவே இல்ல. பேட்டரி சொத்தையா இருந்தா 9, 8-னு விழணும். மோட்டார் உள்ளே ஜாம் ஆகியிருந்தாலும் கரண்டை இழுத்து பேட்டரியைக் கீழே தள்ளும். விழலன்னா, பேட்டரியிலேருந்து கரண்ட் கிளம்பவே முடியல, வழியில எங்கேயோ அடைப்புன்னு அர்த்தம்.

பாசிட்டிவ் பக்கம் பார்த்தான். பேட்டரியிலேருந்து ரிலே, ரிலேவிலேருந்து மோட்டார், எல்லாம் சுத்தம். அப்புறம் ஒரு குச்சியை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொரு குச்சியை இஞ்சின் உடம்புலயும் வெச்சான். ரெண்டும் ஒரே எர்த், மீட்டர் ஏறக்கூடாது. ஏறினாலும் அரை வோல்ட்டுக்குள்ள நிக்கணும். பட்டனை அழுத்தினேன். 4.6!

அதாவது 11.9-ல 4.6 வோல்ட்டை எர்த் இணைப்பே தின்னுட்டு, மோட்டாருக்கு 7 வோல்ட் சொச்சம்தான் விட்டிருக்கு. லைட்டும் ரிலேவும் அதே எர்த்துலதான் திரும்பணும், அதனாலதான் லைட் மங்குது, ரிலே அடிச்சிக்குது. நாங்க எல்லாரும் பேட்டரியைத் திட்டிக்கினு இருந்தோம். ஹாரன் மட்டும் ஏன் நல்லா அடிச்சதுன்னு கேட்டேன். ஹாரன் ரெண்டு மூணு ஆம்பியர்ல முடிஞ்சுது, செல்ஃப் மோட்டார் 60, 70 ஆம்பியர் கேக்கும். பத்துல ஒரு பங்கு ஓம் தடை இருந்தாக்கூட 60 ஆம்பியருக்கு 6 வோல்ட் போயிடும், ஹாரனுக்கு அது கால் வோல்ட்டு. வரப்புல சின்ன உடைப்பு இருந்தா வாய்க்கால்ல குடிக்கற தண்ணி வரும், மடைக்குத் தண்ணி ஏறாது, அந்த மாதிரி.

எர்த் வயர் சேசிஸ்ல முறுக்கியிருக்கற போல்ட்டைத் தேடினோம். பார்த்ததும் எனக்கு முகம் தொங்கிப் போச்சு. வெள்ளையா பூத்து, அதுக்குக் கீழ கருப்பு பெயின்ட். ஆயுத பூஜைக்கு சேசிஸை நானேதான் பெயின்ட் அடிச்சேன், வயரைக் கழட்டி, அந்த இடத்துக்கும் ஒரு கோட்டு அழகா இழுத்து, அது மேலயே திரும்ப முறுக்கியிருக்கேன். மரை வழியா கொஞ்ச நாள் கரண்ட் போயிருக்கும். மழைத்தண்ணி இறங்கித் துரு புடிச்சதும் அதுவும் நின்னுபோச்சு. தம்பி ஒண்ணும் சொல்லல, சிரிச்சான்.

செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரியில மொதல்ல நெகட்டிவைக் கழட்டுங்க, மாட்டறப்போ அதைக் கடைசியா மாட்டுங்க. மாத்திச் செஞ்சா ஸ்பேனர் சேசிஸ்ல பட்டு நெருப்பு பறக்கும். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டினேன். பல்லு வாஷர் போட்டு இறுக்கி, மேல வாஸ்லின் தடவினேன். பம்ப் செட்டுக்கு வாங்கின தடி காப்பர் வயர் மிச்சம் இருந்தது, பேட்டரி நெகட்டிவ்லேருந்து நேரா இஞ்சின் போல்ட்டுக்கு அதுல ஒரு துண்டு. திரும்ப மீட்டர் வெச்சோம். 0.2. பட்டனைத் தொட்டதும் "தட் தட் தட்"னு எடுத்துக்கிச்சு.

இந்த செல்ஃப் சங்கதியையே சார்லஸ் கெட்டரிங்னு ஒரு அமெரிக்கர்தான் 1912-ல காடிலாக் காருக்குக் கொண்டாந்தாராம். பண்ணையில பொறந்து வளர்ந்தவர். அதுக்கு முன்னாடி கடைக் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் வெச்சவர். சின்ன மோட்டாருக்கு அளவுக்கு மீறின வேலை குடுத்தாலும் சில செகண்டு தாங்கும், அதுக்குள்ள வேலை முடிஞ்சிடணும், அதான் அவர் புடிச்ச சூட்சுமம். அதனாலதான் பட்டனை 5 செகண்டுக்கு மேல அழுத்திப் பிடிக்கக் கூடாது. நான் மூணு மாசம் பிடிச்ச பிடிக்கு அந்த மோட்டார் கருகாம இருந்தது என் அதிர்ஷ்டம். ஒண்ணு மட்டும் வேற கதை: மோட்டார் மட்டும் "விர்"னு சுத்தி இஞ்சின் சுத்தலன்னா அது எர்த் இல்ல. செயின் கேஸுக்குள்ள இருக்கற ஸ்ப்ராக் கிளட்ச். அதுக்கு மெக்கானிக்தான் வேணும்.

தம்பி பம்ப் செட்டுக்குத்தான் காசு வாங்கினான், வண்டிக்கு வாங்கல. ஒரு மூட்டை கடலைக்காயில பாதியைக் கட்டிக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை 70,000-காரர் போன் பண்ணார். விக்கலைன்னு சொல்லிட்டேன். பின்னாடியே வீட்டம்மா நின்னுக்கினு இருந்தாங்க.

"விக்க வேணாம். ஆனா என்னிக்காவது பேட்டரி இறங்கினா நீங்க உதைக்கத்தான் போவீங்க. அந்த உதைக்கிற கட்டையைக் கழட்டிக் குடுங்க."

கழட்டிக் குடுத்தேன். மாட்டுக் கொட்டாயில எங்கேயோ வெச்சிருக்காங்க. நானும் ரெண்டு தடவை தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கல.