வெற்று நாடா

1963இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த 'கசெற்' எனும் ஒலிநாடாப் பேழை, பாடலைக் கேட்டிருந்தவனைப் பதிவாளனாகவும் ஆக்கிற்று. வெற்று நாடாவை இட்டு, வானொலியருகே அவன் காத்திருந்தான்.

வெற்று நாடா கிடையாத நாளில் பழைய பேழையொன்றே கைக்கு அகப்படும். பதிவுக் கருவியிலோ, பதியுந் தலையை அடையுமுன் நாடா அழிக்குந் தலையைக் கடக்கின்றது. புதிய பாடல் ஏறுமுன்னரே பழைய ஒலி மறைந்துவிடும். மறைந்தது வேறொரு பாடலாயின் மீண்டும் பெறலாம். ஆச்சியின் தாலாட்டாயின் எங்கே பெறுவது?

பேழையின் முதுகிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிட்டால் அப்பக்கத்தில் மேலும் பதிய இயலாது. ஆயினும், அவ்விடைவெளியின் மேல் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டினால் அக்காவலும் நீங்கும். தகட்டை ஒடிப்பவனும் இடைவெளியை மூடுபவனும் ஒருவனே. எதனை இழக்கலாகாதென்பதை அவனன்றிக் கருவி அறியாது.