ஒன்பது பேரில் ஒருத்தன்

நாலாவது செமஸ்டர். மேத்ஸ் அரியருக்காக முழங்கால் தேய ஜெபம் பண்ணேன். ‘பாஸாக்கி மட்டும் விடுங்க ஆண்டவரே, ஞாயிறு தவறாம சர்ச்சுக்கு வர்றேன்’னு டீலிங் வேற! பாஸும் ஆயிட்டேன். அந்த ஞாயிறே ஃப்ரெண்ட்ஸோட குற்றாலம் ஜூட்!

அம்மாதான் ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் நூறு ரூபாய் வெச்சாங்க. ‘ரிசல்ட்டுக்கா?’ன்னேன்.

‘நீ ஃபெயிலானப்பவும் வெச்சேன் ராசா. கிடைச்சா மட்டும் நன்றின்னா, அது வியாபாரம்லா?’

லூக்கா 17-ல் குஷ்டம் நீங்கின பத்துப் பேரில், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒரு சமாரியன். மீதி ஒன்பது பேரை சண்டே ஸ்கூல்ல திட்டியிருக்கேன். அதுல ஒருத்தன் நானேதான்!

அடுத்த ஞாயிறு கேன்டீன் காசை மிச்சம் பிடிச்சு நானும் ஒரு கவர் போட்டேன். காரணம் எழுதற இடத்துல மட்டும் எதுவும் எழுதலை.