முதியவரை எதனோடு ஒப்பிடுவது?

முதியோர் மருத்துவத்திலும் நரம்பியலிலும் வேலை பார்க்கிறவர்கள் நோயாளியிடம் அதிகம் கேட்கும் கேள்வி “இன்னிக்கு என்ன தேதி?” என்பதாகத்தான் இருக்கும். 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்ட எம்எம்எஸ்இ என்ற சோதனை இப்படித்தான் தொடங்குகிறது. மொத்தம் 30 மதிப்பெண். நாளும் இடமும் சொல்ல 10. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக 5. மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லவும் சற்றுக் கழித்து நினைவுகூரவும் 6. பொருளுக்குப் பெயர் சொல்வது, சொன்னபடி செய்வது, படிப்பது, எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது எல்லாம் சேர்ந்து 9. 24க்குக் கீழே இறங்கினால் மறதிநோயோ என்று சந்தேகிக்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள விதி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பாட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏட்டுக் கழித்தலுக்கு 5, படிப்புக்கு 1, எழுத்துக்கு 1, வரைவதற்கு 1 போய்விட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் அவர் 22இல் வந்து நிற்பார். தேதி கேட்டால் ஆடி பிறந்து எத்தனை நாள், அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிசகாமல் சொல்லுவார். ஆங்கில மாதம் தெரியாததற்கு இன்னும் ஒன்றிரண்டு குறையும். காகிதத்தின்படி அவர் நோயாளி. அவருக்கு வாய்க்காதது படிப்பு மட்டுமே என்பது அந்தக் காகிதத்தில் எங்கும் பதிவாகாது.

சோதனைகள் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. இந்தத் தொழிலின் திறமை கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பதில் இல்லை, கிடைக்கிற பதிலை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது என்பதே என் வாதம். ஊரில் உள்ள மற்ற எழுபது வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது ஒரு வழி. அவரைப் போன வருஷத்து அவரோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. நோயைக் கண்டுபிடிப்பதில் இரண்டாவதுதான் வலுவானது, நம் சூழலில் இன்னும் அதிகமாக.

கேள்விகளைத் திருத்தினால் போதாதா என்று கேட்கலாம். திருத்தியிருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் கிராமப் பகுதியில் மேரி கங்குலியும் சகாக்களும் எழுத்தறியாதவர்களுக்காக உருவாக்கி 1995இல் வெளியிட்ட இந்தி வடிவம், ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றது. 2005இல் மான்ட்ரியலில் நஸ்ரெடின் குழு கொண்டுவந்த மோகா சோதனை 12 வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கும் அந்த ஒன்றுதான், கைநாட்டு வைப்பவருக்கும் அந்த ஒன்றுதான் என்பதைப் பார்த்தால் இத்தகைய திருத்தங்களின் எல்லை புரிந்துவிடும். மறுபக்கமும் உண்டு. ஆயுள் முழுக்கக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் 28 வாங்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அரைமணியில் முடித்த பால் கணக்குக்கு இப்போது ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்பதை மனைவியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே எல்லைக்கோடு படிக்காதவரை அநாவசியமாகப் பயமுறுத்துகிறது, படித்தவரைக் கோட்டை விடுகிறது.

இதற்கு விடை நம் பக்கத்திலேயே சோதிக்கப்பட்டது. சென்னையும் வேலூரும் களங்களாக இருந்த 10/66 ஆய்வுக்குழு, எழுத்தறிவு குறைந்த சமூகங்களில் மறதிநோயை எப்படி அடையாளம் காண்பது என்று பார்த்தபோது முதியவரிடம் கேட்ட கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவரை நன்றாக அறிந்த ஒருவரிடம், என்ன மாறியிருக்கிறது என்று தனியாகக் கேட்டு, இரண்டையும் சேர்த்தே முடிவு எடுத்தது. பல்லப்கரில் உருவான அன்றாடத் திறன் அளவுகோலும் வீட்டாரிடம் கேட்பதுதான்: சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்கிறாரா, ஊருக்குள்ளேயே வழி தவறுகிறாரா.

அன்றாட வேலைகளை அளப்பதில்தான் இந்த ஒப்பீடு எவ்வளவு அவசியம் என்பது நன்றாகத் தெரியும். 1965ஆம் ஆண்டின் பார்த்தெல் அளவுகோல் சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடை, படியேறுவது போன்ற பத்துக் காரியங்களுக்கு மொத்தம் 100 வைக்கிறது. 1969இல் லாட்டனும் பிராடியும் தந்த பட்டியல் அதற்கு மேல்நிலை: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, வெளியே பயணம், மாத்திரை, பணம். பழைய முறைப்படி இதில் ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு 5க்குத்தான் மதிப்பெண் போடுவார்கள்; பெண்களுக்கு 8. அமெரிக்கரிடமே பட்டியல் அப்படிப் பிளந்துகொண்டது என்றால் நம் கூட்டுக்குடும்பத்தில் கேட்க வேண்டுமா? மாத்திரையை மருமகள் எடுத்துக் கொடுக்கிறார், மின்கட்டணத்தை மகன் கைபேசியில் கட்டுகிறார், வங்கி வாசலுக்கு அந்த அம்மா ஒருநாளும் போனதில்லை. ‘செய்வதில்லை’ என்று குறித்துக்கொண்டால் மதிப்பெண் பாதாளத்தில் இருக்கும். செய்ய முடியவில்லை, செய்ய விடுவதில்லை, எப்போதும் செய்ததே இல்லை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகள். பட்டியலில் மூன்றுக்கும் ஒரே கட்டம்தான். ஆகவே அவர் உண்மையில் எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதைக் கேட்க வேண்டும். கண்ணளவில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறாரா? மார்கழியில் வாசலடைத்துப் புள்ளிக்கோலம் போட்டவர் இப்போது நான்கு புள்ளியில் நிறுத்திக்கொள்கிறாரா, நிறுத்தியது முழங்கால் வலியாலா, இழை எங்கே சுற்றிப்போகிறது என்று பிடிபடாததாலா? தெருப் பெண்களுக்குச் சீட்டு நடத்தியவர் யார் எடுத்தார், யார் பாக்கி என்பதில் தடுமாறுகிறாரா? டீக்கடைக்குப் பேப்பர் படிக்கப் போய்வந்த பெரியவர் ஏன் போவதை நிறுத்தினார்: காலா, கண்ணா, காதா, மனசா? இந்தக் கேள்விகள் எந்த அச்சுப் படிவத்திலும் இருக்காது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அவை வேறு.

கூடவே கேட்க வேண்டியது, எப்போதிலிருந்து என்பது. இரண்டு வருஷமாக மெல்ல மெல்ல வந்ததா, முந்தாநாள் ராத்திரியிலிருந்தா? டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பநிலையைக் கண்டறிய இன்று உலகெங்கும் பயன்படும், ஷாரன் இனோய் குழு 1990இல் தந்த முறையின் முதல் நிபந்தனையே இதுதான்: மாற்றம் சட்டென்று வந்திருக்க வேண்டும், ஏறி இறங்க வேண்டும். படுக்கையருகே எவ்வளவு நேரம் சோதித்தாலும் இதற்கு விடை கிடைக்காது. அவரைப் போன வாரம் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கத்திக் கலாட்டா செய்கிற டெலிரியத்தை யாரும் தவறவிடுவதில்லை. சத்தமே போடாமல் சுருண்டு படுத்திருப்பவரை ‘வயசாச்சு, அசந்து தூங்குறார்’ என்று விட்டுவிடுகிறோம். சிறுநீர்த் தொற்றோ, சோடியம் இறங்கியதோ, புதிதாகச் சேர்த்த தூக்கமாத்திரையோ காரணமாக இருந்து, சரிசெய்தால் தெளிந்துவிடக்கூடியவர் அவர்.

நரம்பு நோய்களில் அளவுகோலின் சாய்வு இன்னொரு விதம். பக்கவாதத்தின் கடுமையைச் சொல்ல நாங்கள் பயன்படுத்தும் என்ஐஎச் அளவுகோலில் மொத்தம் 42 புள்ளி. அதில் 7 நேரடியாகப் பேச்சையும் மொழியையும் சார்ந்தவை. ஒரு பக்கத்தையே கவனிக்காமல் போகும் குறைக்கு 2 மட்டும். ஆகவே வலது மூளையில் அடைப்பு வந்தவர், இடது மூளையில் அதே அளவு சேதம் உள்ளவரைவிடக் குறைந்த புள்ளி வாங்கி, நலமாக இருப்பதுபோலத் தெரிவார். பேச்சு கணீரென்று இருக்கும்; இலையின் இடதுபக்கத்து இட்லி தொடப்படாமல் கிடக்கும். பார்கின்சனில் நேரம்தான் எல்லாம். லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது பார்த்தவரும் அது இறங்கிய பிறகு பார்த்தவரும் ஒரே நோயாளியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பவே முடியாது. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று குறிக்காத மதிப்பீடு அடுத்த முறை ஒப்பிடப் பயன்படாது. முகத்தசை இறுகிப்போனவரை மனச்சோர்வுக்காரர் என்று முகத்தைப் பார்த்தே தீர்மானிப்பதும் நடக்கிறது, உண்மையான மனச்சோர்வை நோயின் முகம் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் 1991ஆம் ஆண்டுச் சோதனை எனக்குப் பிடித்தமானது. ஸ்டாப்வாட்ச் போதும், எழுத்தறிவு வேண்டாம், மூன்று மாதம் கழித்து அதே ஆளுக்கு அதே நாற்காலியில் மறுபடியும் செய்யலாம். ஆனால் நாற்காலியைச் சுற்றியே வாழாத வீடுகளில், தரையிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா, குத்தவைத்து உட்கார முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பார்த்தெலில் 100 வாங்கியவர் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதற்காகவே விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருக்கலாம்.

எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு என்றால் பொது அளவு எதற்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. பொது அளவு இல்லாமல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருக்கிறது என்ற கணிப்புக்கு வந்திருக்க முடியாது; திட்டமிட, மருந்தைச் சோதிக்க, மருத்துவர் மருத்துவரிடம் பேச அது வேண்டும். ஆனால் மக்கள்தொகையைப் பற்றிய கேள்விக்கு உதவும் கோடு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றிய கேள்விக்குத் தானாக விடையாகிவிடாது. நான் படிவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மொத்த எண்ணை எழுதும் இடத்தில் எந்தக் கேள்வியில் தவறினார், ஏன், முன்பு எப்படி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் நலவாழ்வு பற்றியது. முன்பு இருந்த அவரோடு ஒப்பிடுவதே சரி என்றால், பக்கவாதம் வந்தவர் எவரும் இனி நன்றாக இருக்க வழியில்லை என்று ஆகிவிடாதா? இங்கே என் விதியை நானே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உடலெல்லாம் முடங்கி, கண்ணசைவால் மட்டும் பேசும் நிலையில் உள்ளவர்களிடம் பெல்ஜியத்தின் ஸ்டீவன் லாரீஸ் குழு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்றார்கள். 18 பேர் இல்லை என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நாம் யாரும் இப்படி ஊகித்திருக்க மாட்டோம். உடல் என்ன செய்கிறது என்பதற்கு நேற்றைய அவர் அளவுகோல். வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதற்கு இன்றைய அவர் மட்டுமே சாட்சி. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்தர அளவுகோலை உருவாக்கியபோது, சென்னை உட்படப் பல நாட்டு மையங்களில் மக்களிடமே கேட்டு, ஒருவர் தன் பண்பாடு, எதிர்பார்ப்பு, அக்கறைகளுக்கு நடுவே தன் நிலையை எப்படி உணர்கிறார் என்பதைத்தான் வாழ்க்கைத்தரம் என்றது. பழகிப்போவதும் ஒருவகைத் தோல்விதானே என்பார்கள். சில நேரம் ஆம். ‘வயசானா வலி இருக்கத்தான் செய்யும்’ என்கிறவரின் திருப்தியை ஏற்றுக்கொண்டு வலிக்கு மருந்து தராமல் இருப்பது மருத்துவம் ஆகாது. அவர் திருப்தியாக இருக்கிறார் என்பதும், சரிசெய்யக்கூடிய ஒன்று அவரிடம் இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

வீட்டாரின் சாட்சியத்தை நம்பலாமா? முழுக்க நம்ப முடியாது. மறதிநோய் உள்ளவர் தன் திறமையைக் கூட்டிச் சொல்வதும், பார்த்துக்கொள்பவர் அவருடைய வாழ்க்கைத்தரத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுபவை; பார்த்துக்கொள்பவர் களைத்துப்போயிருந்தால் இன்னும் குறைப்பார். மகன் பக்கத்தில் நிற்கும்போது “பையன் நல்லாப் பாத்துக்கிறான்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. மருந்து வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்பிவிட்டுக் கேட்பது தந்திரம்தான். செய்தாக வேண்டிய தந்திரம். யெசவேஜ் குழு 1980களின் தொடக்கத்தில் தந்த முதியோர் மனச்சோர்வு அளவுகோல், வயோதிகத்தின் வலிகளோடு குழம்பிவிடக் கூடாது என்று உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஆம், இல்லை என்று மட்டும் கேட்கிறது. நல்ல யோசனை. ஆனால் நம் முதியவர்கள் பலர் மனசின் பாரத்தை அசதி, எரிச்சல், தலை கிறுகிறுப்பு என்று உடம்பின் வழியேதான் சொல்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்விகளில் ஒருவர் தேறிவிட்டதால் மட்டும் நான் சமாதானம் ஆவதில்லை. முதியவர் சொன்னதும் வீட்டார் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே, யார் சொன்னது என்ற குறிப்போடு எழுத வேண்டும். சராசரி எடுத்தால் இருவர் சொன்னதும் அழிந்துபோகும்.

நேரம் எங்கே என்ற கேள்வி கடைசியில் வரும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கியதன் நியாயமே, மற்ற வரிசைகளில் இவர்களுக்கு நேரம் கிடைக்காது என்பதுதான். அந்த நெருக்கடி இன்னும் தீரவில்லை. ஆனால் முந்தைய நிலை தெரிந்த ஒருவரிடம் இரண்டு நிமிஷம் கேட்பது, தெரியாமல் எழுதும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகளைவிட மலிவு. அந்தத் தகவல் மருத்துவமனைக்கு வெளியேதான் அதிகம் கிடைக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கவும், பிசியோதெரபி தரவும் வீட்டுக்கே ஆள் போகிறார்கள். வாசற்படி எவ்வளவு உயரம், பாட்டி எழுந்து வந்து கதவைத் திறந்தாரா, அடுப்படியில் நிற்கிறாரா என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படுகிறது. அழுத்தமும் சர்க்கரையும் எழுதும் அட்டையில், போன முறைக்கு இப்போது எதைச் செய்வதை விட்டுவிட்டார் என்று எழுத ஒரு கோடு இருந்தால், ஓபியில் அட்டையை வாங்கிப் பார்க்கும் மருத்துவருக்கு முதல் கேள்வி தயாராக இருக்கும்.