யத்தீம் வேறு, அனாதை வேறு

சொல்லை ஆள்பவருக்கு அச்சொல்லின் விளைவிலும் பங்குண்டு. தமிழ் கற்றோம், தமிழ் கற்பிக்கின்றோம் என்னும் பெருமிதத்தில் இவ்வுண்மையை நாம் ஒருமுறை மறந்தோம். ஒரு வேண்டுகோள் மடலில் ஒரே ஒரு சொல்லைத் தவறாக ஆண்டோம். அஃது எழுத்துப் பிழையன்று, சந்திப் பிழையுமன்று. ஆயினும் மாணவர்தம் விடைத்தாள்களில் நாம் இதுகாறும் சிவப்பு மையால் சுழித்த பிழைகள் அனைத்தினும் அது பெரிது. அதனை நம் துறையின் மலரில் ஒப்புக்கொள்வதே முறை எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கடல் இணைத்த கரைகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள். சுமத்திராத் தீவின் வடமேற்கே கடலடியில் நிலம் நடுங்கியது. அரை மணி நேரத்திற்குள் அச்சே மாநிலத் தலைநகரான பண்டா அச்சேக்குள் கடல் புகுந்தது. அங்கிருந்து புறப்பட்ட அதே பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரங்கழித்து நாகப்பட்டினத்துக் கரையில் மோதியது. அச்சேயில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர். அந்நாளில் ஆய்வியல் நிறைஞர் பட்ட மாணவராயிருந்த நாம், ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு நண்பர்களுடன் கரையோரத் தெருக்களில் அரிசி மூட்டை சுமந்தோம். மய்யித்துகளை அடக்கம் செய்யவும் துணை நின்றோம்.

நம் கரைக்கும் அக்கரைக்கும் உறவு அன்று தோன்றியதன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில், பாரூஸை அடுத்த லோபு துவாவில், கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் குழு பொறித்து வைத்தது அது. பிற்காலத்தில் நாகூர், நாகை மரைக்காயர்களின் மரக்கலங்கள் துணி ஏற்றிச் சென்று, மிளகும் பாக்கும் ஏற்றி வந்த துறைகளுள் அச்சேயும் ஒன்று. வணிகத்தால் இணைந்த கரைகளைத் துயரமும் இணைத்தது.

நம் லாத்தா மணமுடித்துப் பினாங்கில் வாழ்பவர். அவருடைய கணவரும் அங்குள்ள தமிழ் முஸ்லிம் வணிகர் சிலரும் சுனாமிக்குப் பின் ஒரு சிறு குழுவாக இணைந்து, அச்சேயில் ஒரு சிறுவர் இல்லத்திற்கு உதவி வந்தனர். இத்தகைய இல்லத்தை அந்நாட்டில் ‘பந்தி அசுகான்’ என்பர். ரமலான் மாதத்தில் நிதி திரட்டுவதும், ஆண்டிற்கு இருமுறை தாமே தொண்டர்களாகச் சென்று கூரை மாற்றிச் சுவருக்கு வண்ணம் பூசிப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை வழங்கி வருவதும் அவர்தம் வழக்கம்.

நாம் எழுதிய மடல்

2010இல் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, வசூல் குறைஞ்சு போச்சு. நீங்க தமிழ் படிச்சவங்க. கேட்கிறவங்க கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு மடல் எழுதிக் கொடுங்க” என்றார். நாமும் ஓர் இரவில் எழுதி முடித்தோம். ‘அன்னை மடியும் அறியாதவர், தந்தை தோளும் காணாதவர், கடல் விழுங்கிய குடும்பங்களின் எச்சமாய் நிற்கும் அனாதைகள்’ என்று அடுக்கு நடையில் அம்மடல் சென்றது.

மறுநாள் காலை அதை வாப்பாவிடம் படித்துக் காட்டினோம். வாப்பா தமது நான்காம் வயதில் தந்தையை இழந்தவர். பாட்டியார் விடியுமுன் எழுந்து இடியாப்பம் அவித்துத் தெருத்தெருவாய் விற்றுப் பிள்ளையை வளர்த்தார். பள்ளிச் சம்பளத்தைப் பெரியவாப்பா ஒருவர், தம் மனைவிக்குக்கூடச் சொல்லாமல், மாதந்தோறும் கட்டி வந்தார். வாப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அந்தப் புள்ளைங்க யாருக்கும் உம்மா இல்லையா?” என்றார். “சுனாமியில் போயிருப்பார்கள், வாப்பா” என்றோம். “விசாரிச்சியா?” என்றார். விசாரிக்கவில்லை. “அப்ப நானும் அனாதையா இருந்தவன்தானா?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் தொழுகைக்கு எழுந்து சென்றார். முதியவர் எதையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று கருதி மடலை அனுப்பி வைத்தோம்.

மடல் பினாங்கில் கடைகள்தோறும் படிக்கப்பட்டது. அவ்வாண்டு வசூல் இருமடங்காயிற்று. மச்சான் மகிழ்ந்தார், நாமும் மகிழ்ந்தோம்.

எட்டு வயதுச் சிறுவன்

2014இல் கோடை விடுமுறையில் லாத்தா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, தொண்டர் குழுவினருடன் நாமும் அச்சே சென்றோம். இல்லத்து வாயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஸலவாத்துப் பாடி வரவேற்றனர். பந்துகளும் பிஸ்கட் பெட்டிகளும் வழங்கினோம். ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். ஒரு சிறுவன் நம் விரலைப் பற்றியவன் மாலை வரை விடவில்லை. வயது என்ன என்று மச்சானை மலாய் மொழியில் கேட்கச் செய்தோம். எட்டு என்றான்.

நமக்குச் சுருக்கென்றது. கடல் வந்து பத்தாண்டு நிறையப் போகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் குடும்பத்தைக் கடல் எங்ஙனம் கொண்டிருக்கும்? “உன் தாயார் எங்கே?” என்று கேட்டோம். “வீட்டில்” என்றான். தந்தை மீன்பிடிக்கச் சென்று மீளவில்லை. தாய் பிறர் வயலில் கூலி வேலை செய்கிறார். பேருந்தில் அரை நாள் பயணத் தொலைவில் ஊர். பெருநாளுக்குத் தாய் வந்து அழைத்துப் போவார் என்றான்.

இல்லத்துப் பொறுப்பாளரான உஸ்தாதிடம் வினவினோம். அவர் ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவர் கருதவுமில்லை. இருவரோ மூவரோ தவிர மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயோ தந்தையோ இருவருமோ இருக்கின்றனர்; சீருடைக்கும் புத்தகத்திற்கும் வழியின்றி அவர்களே கொணர்ந்து விடுகின்றனர் என்றார். “நீங்கள் இல்லத்திற்குக் கொடுக்கின்றீர்கள், ஆகவே பிள்ளைகள் இல்லத்திற்கு வருகின்றனர்” என்று அவர் இயல்பாகச் சொன்ன சொல் நம் நெஞ்சில் தைத்தது.

விடைபெறும்போது அச்சிறுவன் ஏதோ கேட்டான். “நாளைக்கும் வருவீங்களான்னு கேட்கிறான்” என்றார் மச்சான். மறுநாள் காலை விமானத்திற்குச் சீட்டு நம் சட்டைப் பையில் இருந்தது. ‘இன்ஷா அல்லாஹ்’ என்றோம். இறைவன் நாடினால் என்னும் பொருளுடைய அப்புனிதச் சொல்லை, வரப்போவதில்லை என்பதைப் பிள்ளையிடமிருந்து மறைக்கும் திரையாக ஆண்ட அந்நொடியை எண்ணி இன்றும் தலை குனிகின்றோம்.

ஓர் இல்லத்தின் கதை அன்று

ஊர் திரும்பியபின் இப்பொருள் பற்றித் தேடித் தேடிப் படித்தோம். நாம் கண்டது ஓர் இல்லத்தின் கதை மட்டுமன்று. இந்தோனேசியச் சமூக நல அமைச்சும் யூனிசெப்பும் சேவ் தி சில்ரன் அமைப்பும் இணைந்து, அச்சே உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சிறுவர் இல்லங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, அப்பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர் என்றது. பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தாயும் தந்தையும் இருவருமே இருந்தனர். பிள்ளைகளை இல்லத்திற்குக் கொணர்ந்தது பெற்றோரின் மரணமன்று. வறுமையும் கல்வி வேட்கையுமே. உதவித் தொகை தலைக்கு இவ்வளவு என்று இல்லத்திற்கே வழங்கப்பட்டமையால், தலைகளைக் கூட்டும் கட்டாயமும் இல்லங்களுக்கு நேர்ந்தது. இவ்வாய்வின் பின் 2011இல் அந்நாட்டரசு இல்லங்களுக்கான தேசிய நெறிமுறைகளை வகுத்தது. குடும்பமே பிள்ளைக்கு முதலிடம், இல்லம் இறுதி வழி என்பதே அவற்றின் சாரம்.

தொண்டர்களின் நிலையையும் உலகம் எண்ணிப் பார்க்கத் தொடங்கியுள்ளது. வாரத்திற்கொரு புதுமுகம் வந்து அணைத்துக் கொஞ்சிவிட்டு மறைந்தால், பிள்ளையின் உள்ளம் ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைத் தாங்க வேண்டியிருக்கிறது. சிறுவர் இல்லங்களில் தொண்டு என்னும் பெயரால் நிகழும் சுற்றுலாவின் தீங்குகளைத் தடுக்குமாறு 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தன் தீர்மானத்தில் நாடுகளை வேண்டியது. நம் விரலைப் பற்றிய கை நினைவுக்கு வந்தது.

சொல் தரும் தெளிவு

இவ்விடத்தில் வாப்பாவின் வினாவிற்கு விடை கிடைத்தது. ‘அநாத’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது ‘அனாதை’. நாதன் இல்லாதவர், காப்பார் எவரும் அற்றவர் என்பது அதன் பொருள். ‘யத்தீம்’ என்னும் அரபுச் சொல்லோ, பருவம் எய்துமுன் தந்தையை இழந்த பிள்ளையைக் குறிக்கும். யத்தீமுக்குத் தாய் இருக்கலாம், பாட்டி இருக்கலாம், சாச்சாவும் மாமாவும் இருக்கலாம். அவர்கள் அனைவர்க்கும் கடமையும் உண்டு. யத்தீமை அனாதை என்று மொழிபெயர்த்தபோது, அத்தனை உறவுகளையும் நம் பேனா ஒரே கோட்டில் அடித்துவிட்டது. இல்லாதவர் என்று எழுதப்பட்ட தாய்க்கு உதவ யார் முன்வருவர்?

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு இதற்கு ஒளி காட்டுகிறது. அவர்கள் பிறக்குமுன்பே தந்தை அப்துல்லாஹ் மறைந்தார். ஆறு வயதில் அன்னை ஆமினாவும், எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைந்தனர். எனினும் அந்த யத்தீம் அனாதையாகவில்லை. செல்வம் மிகுதியாக இல்லாத, பிள்ளைகள் பலரையுடைய பெரிய தந்தை அபூதாலிப் தம் வீட்டிலேயே, தம் உணவுத் தட்டிலேயே இடம் தந்தார். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பெற்றோர் பராமரிப்பை இழந்த குழந்தைகளுக்கான வழிகளைக் கூறும் 20ஆம் உறுப்பில் இஸ்லாமியச் சட்டத்தின் ‘கஃபாலா’ முறையைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. பிள்ளையின் வமிசப் பெயரை மாற்றாமல், பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளும் முறை அது. அதே உறுப்பில் ‘தேவையானால்’ என்னும் நிபந்தனையுடன் இல்லம் இறுதியாக இடம்பெறுகிறது. நம் கைப்பொருளாய் இருந்ததை நாமே மறந்தோம்.

இரண்டாம் மடல்

மறு ரமலானுக்கு மச்சானுக்கு வேறொரு மடல் எழுதி அனுப்பினோம். அடுக்கு நடை இல்லை. ‘இப்பிள்ளைகளில் பலருக்குத் தாய் உண்டு. அத்தாய்க்குப் பள்ளிச் செலவு தந்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும்’ என்று மட்டும் எழுதினோம். “இப்படி எழுதினா யாரு தம்பி கொடுப்பாங்க?” என்று மச்சான் சினந்தார். அவர் சொன்னதே நடந்தது. வசூல் பாதிக்கும் கீழே இறங்கியது. “புள்ளைங்களோட போட்டோ வரலையே” என்று குறைப்பட்டு இருவர் குழுவைவிட்டே விலகினர். வருவாய் குறையும் என்று உஸ்தாதும் கலங்கினார். அவர் தீயவர் அல்லர். தம்மை நம்பி உண்ணும் வாய்களை எண்ணிக் கலங்கியவர்.

ஆயினும் மச்சான் கைவிடவில்லை. முதலாண்டு ஐந்து பிள்ளைகளின் தாய்மாருக்கு ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் வாயிலாகக் கல்விச் செலவு சென்றது. ஐவரும் வீடு திரும்பினர். அவர்களுள் ஒரு சிறுமி, தாய் வேலை தேடி வெளிநாடு சென்றமையால், மீண்டும் இல்லத்திற்கே வந்தாள். எவருமற்ற மூவருக்கு இல்லமே வீடாயிற்று. அவர்களுக்கான உதவியைக் குழு நிறுத்தவில்லை. இல்லமே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வீடிருக்கும் பிள்ளைக்கு இல்லம் வேண்டாம் என்பதே. நம் விரலைப் பற்றிய சிறுவன் வீடு திரும்பிய ஐவருள் ஒருவன். இன்று இளைஞனாகி, மோட்டார் பழுதுபார்க்கும் தொழில் கற்றுத் தாயுடன் வாழ்கிறான்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் வளைகுடாவிலோ மலேசியாவிலோ பொருளீட்டுவீர்கள். வெளிநாட்டுச் சிறுவர் இல்லத்திற்கு உதவுமாறு மடல்கள் உங்களை நாடி வரும். கொடுக்கத் தயங்காதீர், கேட்கவும் தயங்காதீர். இப்பிள்ளைக்குத் தாய் உண்டா, உறவினர் உண்டா? பிள்ளை வீட்டிலிருந்தால் நம் உதவி அங்கே சென்று சேருமா? நாம் விடைபெற்றபின் அப்பிள்ளையுடன் இருக்கப்போவது யார்? இவற்றுக்கு விடை தராத மடல் எத்துணை இனிய தமிழில் இருப்பினும் நம்பாதீர். அதனை எழுதியவர் நம்மைப் போன்ற ஒருவராக இருக்கக்கூடும்.

வாப்பா 2019இல் இறையடி சேர்ந்தார்கள். இரண்டாம் மடலை எழுதிய அன்றே அதனையும் அவர்களிடம் படித்துக் காட்டியிருந்தோம். கண்ணை மூடிக் கேட்டவர்கள், முடித்ததும், “இப்பச் சரி” என்றார்கள். நம் தமிழுக்கு இதுவரை கிடைத்த சான்றிதழ்களில் அதனையே பெரிதெனப் போற்றுகின்றோம்.

யத்தீமின் தலையை வருடும் கைகளுக்கு, அவன் தாயின் கையையும் வலுப்படுத்தும் அறிவை எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.